கரடி போட்ட வாய்ப்பூட்டு

ஒரு காட்டுக்குக் கரடி ராஜாவாக இருந்தது. கோடையில் அந்தக் காட்டில் ஒரே ஒரு சுனைதான் வற்றாது. எல்லாரும் குடிக்கிற அந்தத் தண்ணீரில் கரடி பொழுதுக்கும் ஊறிக் கிடக்கும்.

ஒருநாள் மைனா பார்த்துவிட்டது. "ராஜா குளிச்ச தண்ணியைத்தான் நாம குடிக்கிறோம்!" என்று கத்தியது. மைனா சொன்னதை மந்தி வாங்கிச் சொன்னது. மந்தி சொன்னதை மான் வாங்கிச் சொன்னது. அந்தக் காட்டில் சேதி அப்படித்தான் போகும். உச்சிப்பொழுதுக்குள் காடே சிரித்தது.

கரடிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மைனாவை மலைக்கு அந்தப் பக்கம் துரத்திவிட்டது.

"இனி யாரும் சேதி கத்தக் கூடாது! எதுவானாலும் நரி மந்திரியிடம் சொல்லுங்கள். அவர் சரி என்றால்தான் வெளியே போகும். மீறினால் மைனா போன வழிதான்!"

காடு ஊமையாயிற்று. கரடி குகையில் நிம்மதியாகக் குறட்டை விட்டது.

சுனை மேட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி அடைகாத்தது. தரையில் முட்டையிடுகிற சாதி அது. கல்லோடு கல்லாக நாலு முட்டை. யார் வந்தாலும் கத்திக் காட்டிக்கொடுக்கிற வாய் அதற்கு. சட்டம் வந்ததிலிருந்து அலகை இறுக்கிக்கொண்டு கிடந்தது, பாவம்.

ஒரு மத்தியானம், குகைப் பக்கம் புகை தெரிந்தது. காய்ந்த புல்லில் தீ! காற்றோ மேட்டைப் பார்த்து வீசுகிறது. முட்டையைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியுமா? குருவி நரியிடம் ஓடியது.

"மந்திரியாரே, தீ வருது! ஆனைகளைக் கூப்பிடணும். அனுமதி கொடுங்க!"

நரி தாடையைச் சொறிந்தது. "தீ என்றால் எல்லாரும் பயந்துபோவார்கள். 'கொஞ்சம் புழுக்கம்' என்று போடலாமா?"

"புழுக்கம்னு சொன்னா ஆனை வருமா!"

"அப்படியானால் பொறு. ராஜா எழுந்ததும் கேட்டுச் சொல்கிறேன்."

"என் முட்டை வெந்தப்புறம் உம்ம அனுமதி எதுக்கு!"

குருவி மேட்டுக்குப் பறந்தது. துரத்தினால் துரத்தட்டும்! தொண்டை கிழியக் கத்தியது. "தீ! தீ! ஆனைகளே, தீ!"

மரத்தில் மந்தி திருதிருவென்று விழித்தது. அப்புறம், "அடி தங்கச்சி, உன்னைத் துரத்தினா நானும் கூட வாரேன்டி!" என்று சொல்லி, அதுவும் வாங்கிக் கத்தியது. மான் வாங்கியது. மூங்கில் காட்டிலிருந்து யானைக்கூட்டம் பிளிறிக்கொண்டு வந்தது. சுனைத் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிப் பீய்ச்சின. புல்லை மிதித்துச் சேறாக்கின. முட்டைக்கு நாலடி தூரத்தில் தீ அவிந்தது.

பின்பக்க மயிர் கருகக் கரடி ஓடிவந்தது. நரியோ யாரிடமும் அனுமதி கேட்காமல் எப்போதோ சுனைக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றது!

"யார் கத்தினது?" என்றது கரடி.

குருவி முன்னே வந்தது. "நான்தான் ராஜா."

"நீ மட்டும் கத்தலேன்னா நான் இப்ப கரிக்கட்டை!" கரடி பெருமூச்சு விட்டது. "அந்த மைனாவைத் திரும்பக் கூப்பிடு. சத்தமாவே கூப்பிடு!"

சாயங்காலமே மைனா வந்து சேர்ந்தது. கரடி பழையபடி சுனையில் இருந்தது.

"ராஜா, கொஞ்சம் எழுந்திரிக்கிறீங்களா? எங்களுக்குத் தாகம்!" என்று மைனா சத்தமாகவே கேட்டது.

கரடி முனகிக்கொண்டே கரையேறியது.

மூன்றாம் நாள் முட்டை நாலும் பொரிந்தன. குஞ்சுகள் வந்ததும் வராததுமாகக் கத்தின. யாரும் அதட்டவில்லை.

தன் குறையைச் சொல்லும் வாயை அடைக்கிறவன், தனக்கு வரும் ஆபத்தைச் சொல்லும் வாயையும் சேர்த்தே அடைக்கிறான்.