சீட்டாட்டத்துக்குப் பேதி

மலையடிவாரத்து மடத்தில் கணினியைப் பார்த்துக்கொண்டவர் நாச்சியப்பர். மின்வாரியத்தில் ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்த பிறகு சீடராக வந்து சேர்ந்தவர். அவருடைய குரு தவமணி அம்மையாருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். இருந்தாலும் அவர் "தாயே" என்பார். அம்மையார் "ஐயா" என்பார்.

நாச்சியப்பரிடம் ஒரே ஒரு குறை. தியானத்துக்கு மணி அடித்த பிறகும் கணினியில் சீட்டு அடுக்கிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் கேட்டார். "வர்ற பௌர்ணமிக்கு எனக்குத் தீட்சை உண்டா, தாயே?"

"சீட்டெல்லாம் எப்படிப் போகுது, ஐயா?" என்றார் அம்மையார்.

நாச்சியப்பர் முகம் சுண்டிப்போய்விட்டது. அங்கிருந்து நழுவினார்.

மறுநாள் காலையில் திருநீறு பளிச்சிட வந்து நின்றார்.

"ஆட்டத்தையே எடுத்துட்டேன், தாயே. கணினியில கட்டளை போடுற கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடிச்சேன். போயிடுச்சு."

"முழுசாவா?"

"சும்மா எடுன்னு சொன்னா மிச்சம் மீதி தங்கிடுமாம். மகன் போன்ல சொன்னான். அதனால பர்ஜ் போட்டேன்."

"அப்படின்னா?"

"பேதி கொடுக்கிறது, தாயே. ஒரே சுத்தம்."

அம்மையார் சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "வாங்க, நோயாளியைப் பார்த்துட்டு வருவோம்."

கணினி முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"திரும்பப் போடுங்க."

"எதை?"

"ஆட்டத்தைத்தான்."

"சோதிக்கிறீங்களே, தாயே."

"நான்தானே சொல்றேன். போடுங்க."

நாச்சியப்பர் கறுப்புத் திரையைத் திறந்தார். விரல்கள் எழுத்தைத் தேடவே இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் வரி விழுந்துவிட்டது.

"மனப்பாடமா?" என்றார் அம்மையார்.

நாச்சியப்பர் தொண்டையைச் செருமினார். "போன பௌர்ணமிக்கு முன்னாலயும் எடுத்தேன், தாயே. அப்புறம் போட்டேன்."

"அதுக்கு முன்னால?"

"அப்பவும்."

கணினி கடவுச்சொல் கேட்டது. அவர் அடித்தார். திரையில் ஒன்றும் தெரியவில்லை.

"ஒரு எழுத்துகூட விழலையே, ஐயா?"

"விழாது, தாயே. ஆனா போய்ச் சேர்ந்துடும்."

"நல்லது. நம்ம ஜெபமும் அப்படித்தான்னு நம்பிக்கிட்டு இருக்கேன்."

திரையில் வரிவரியாக ஏதேதோ ஓடி நின்றது. ஆட்டம் வந்துவிட்டது. நாச்சியப்பர் திறந்தார். நேற்று பாதியில் விட்ட சீட்டுகள் விட்ட இடத்திலேயே காத்திருந்தன. ஓரத்தில், ஜெயித்தவர்கள் வரிசையில், முதல் பெயர் நாச்சியப்பர். இரண்டாவதும் நாச்சியப்பர். கடைசி வரைக்கும் நாச்சியப்பர்தான்.

அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"பேதி கொடுத்தேன்னீங்களே, ஐயா?"

"கொடுத்தேன். அது ஆட்டத்தோட வயித்தை மட்டும்தான் சுத்தம் பண்ணுமாம். நான் ஆடினது, ஜெயிச்சது எல்லாம் என் பேர்ல தனியா ஒரு இடத்துல இருக்காம். அதுல பேதி கை வைக்காதாம்."

"யார் சொன்னது?"

"மகன்தான். முதல் பௌர்ணமியிலேயே சொல்லிட்டான்."

"ஆக, ஆட்டம் போச்சு. ஆடினவர் போகலை."

நாச்சியப்பர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அப்போ இந்தத் தடவையும் தீட்சை இல்லையா, தாயே? ஊரெல்லாம் சொல்லிட்டேன். மருமகள் புதுசா வேட்டிகூட எடுத்து வச்சிருக்கா. நானும் ஆட்டத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். ஆடினவர் போக மாட்டேங்கிறாரே."

அம்மையார் எழுந்துகொண்டார்.

"அவர் போக வேண்டாம். பௌர்ணமிக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க, ஐயா. ஆடாதவருக்குத் தீட்சை எதுக்கு?"