கழித்து வைத்த சீசாக்கள்

ஐ.சி.யூ.வில் எந்த அவசரம் என்றாலும் நடந்தே வருபவர் டாக்டர் ஆவுடையப்பன். அன்று ஆய்வுக்கூடத்து வராந்தாவில் ஓடி வந்தார். கையில் கிருமி வளர்க்கும் குழித்தட்டு வேறு. நல்லவேளை, மூடியிருந்தது.

"மேடம்! மாட்டிக்கிச்சு!"

ஹெப்சிபா நிமிர்ந்தார். அவர்தான் டாக்டருக்கு ஆய்வு வழிகாட்டி. வயதில் ரொம்பவே இளையவர்.

போன வருடம் டாக்டரின் வார்டில் செண்பகம் என்ற பெண், பிள்ளை பெற்ற கையோடு கிருமி தொற்றி இறந்துபோனாள். எந்த மருந்துக்கும் மசியாத கிருமி. அதன் வெளிச்சவ்வைத் தாண்டி மருந்து உள்ளே போகவில்லை. அந்தச் சவ்வைத் தளர்த்த ஒரு ரசாயனம் கிடைத்தால் போதும், பழைய மருந்தே வேலை செய்யும். அதைத் தேடித்தான் ஐம்பது வயதுக்கு மேல் டாக்டர் மாணவராகச் சேர்ந்தார்.

தட்டில் குழிக்கு ஒரு ரசாயனம். எல்லாக் குழியிலும் செண்பகத்தின் ரத்தத்திலிருந்து எடுத்த அதே கிருமி. அது வளர்ந்தால் குழி கலங்கும், செத்தால் தெளிவாக இருக்கும்.

"பதினேழாம் நம்பரைப் பாருங்க. மருந்தே சேர்க்கல மேடம். தனியாவே கொன்னுடுச்சு! ஒண்ணு மிச்சமில்ல. சாவட்டும்!"

"மத்ததெல்லாம்?"

"கிருமி ஜம்முனு வளர்ந்திருக்கு. அந்தச் சீசாவையெல்லாம் கழிச்சு வச்சுட்டேன்."

"சரி, கையை நீட்டுங்க. கொஞ்சம் ரத்தம் வேணும்."

"என் ரத்தமா?"

"ஊசின்னா பயமா, டாக்டர்?"

காலமெல்லாம் ஊருக்கு ஊசி குத்தியவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார்.

ரத்தத்தின் சிவப்பணுக்களைப் பிரித்து, உப்புநீரில் கலந்து, இரண்டு குழாய்களில் விட்டார் ஹெப்சிபா. ஒன்றில் பதினேழாம் நம்பரைச் சேர்த்தார். மற்றதில் ஒன்றும் சேர்க்கவில்லை. இரண்டையும் உடம்புச் சூட்டில் வைத்திருந்து, பிறகு இயந்திரத்தில் சுழற்றி எடுத்தார்.

ஒன்றும் சேர்க்காத குழாயில் அணுக்கள் முழுசாக அடியில் தங்கியிருந்தன. மேலே தெளிந்த நீர். பதினேழாம் நம்பர் குழாயின் அடியில் எதுவுமே இல்லை. நீர் முழுக்கச் சிவப்பு.

அணுக்கள் அத்தனையும் உடைந்துவிட்டன என்று டாக்டருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செண்பகத்துக்கு இதை ஏற்றியிருந்தால்? கிருமியோடு அவளையும் கொன்றிருக்கும்.

"கழிச்சு வச்ச சீசாவெல்லாம் எங்க?" என்றார் ஹெப்சிபா.

"அதெல்லாம் ஒரு கிருமியைக்கூடக் கொல்லலையே, மேடம்."

"எடுத்துட்டு வாங்க. பழைய மருந்தைக் கொஞ்சம் சேர்த்துப் போட்டுப் பாப்போம்."

மறுநாள் இருவரும் தட்டை எடுத்தார்கள். கலங்கல். கலங்கல். மறுபடியும் கலங்கல். டாக்டரின் விரல் ஒரு குழிமேல் நின்றது.

"நாப்பத்தொண்ணு! மேடம், நாப்பத்தொண்ணு!"

அந்த ரசாயனம் தனியாக இருந்த குழியில் கிருமி வளர்ந்திருந்தது. மருந்து தனியாக இருந்த குழியிலும் வளர்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்த குழி பளிச்சென்று தெளிந்திருந்தது.

இந்த முறை கேட்காமலே கையை நீட்டினார் டாக்டர். நாற்பத்தொன்றைச் சேர்த்த குழாயில் சிவப்பணுக்கள் சமர்த்தாக அடியில் உட்கார்ந்திருந்தன.

டாக்டர் குதித்தேவிட்டார். "திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கணும், எலிக்குக் கொடுத்துப் பாக்கணும், இன்னும் எவ்வளவோ இருக்கு" என்று ஹெப்சிபா அடுக்கிக்கொண்டே போனார். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

குதித்து ஓய்ந்த டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சவ்வைத் தளர்த்தினாப் போதும்னு முதல் நாளே சொன்னீங்க, மேடம். எனக்கும் தெரிஞ்ச விஷயந்தான். அப்புறம் எப்படி இதைக் கழிச்சு வச்சேன்?"

"இவ்வளவு நாளும் செண்பகத்துக்காகக் கிருமியைப் பழிவாங்கிட்டிருந்தீங்க, டாக்டர். இனி அடுத்த பேஷண்டைப் பாருங்க."