சாம்பியனோடு ஆறு ரவுண்டு

ஃபிலோமினா மாஸ்டருக்கு வயது முப்பத்து நான்கு. அவரிடம் குத்துச்சண்டை கற்ற தணிகைவேலுக்கு முப்பத்தேழு. அதனால் ரிங்குக்கு வெளியே மாஸ்டர் அவனை "வாங்கண்ணா, போங்கண்ணா" என்பார். கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் நீ, வா, போதான். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் வருத்தம் இருந்ததில்லை.

பன்னிரண்டு நாள் அந்தப் பக்கமே வராமல் இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தணிகை காசிமேட்டு ஜிம்முக்கு வந்தான். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் வட சென்னை ஹெவிவெயிட் சாம்பியனின் பெல்ட்.

உள்ளே வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. பாக்கியநாதனும் இஸ்மாயிலும் கையைவிட வாயால் அதிகம் குத்துகிறவர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டம் வைத்திருந்த முதல் ஹெவிவெயிட்டுகளில் யார் பெரியவர் என்பது அன்றைய பிரச்சினை.

"பெரைராதான். சோப்ளாங்கி எவன் வந்தாலும் முதல் ரவுண்டுலயே படுக்க வெச்சிடுவாரு" என்றார் பாக்கியநாதன். வாசலுக்கு மேல் மாட்டியிருந்த பழைய படத்தைக் கையால் காட்டினார். "இந்த சாலமன் இன்னா பண்ணாரு? ஒரு கரிமூட்டைக்காரனோட பத்து ரவுண்டு இழுத்தாரு. பத்து!"

"ஜெயிச்சாரு இல்ல?" என்றார் இஸ்மாயில்.

"பாயின்ட்ல ஜெயிச்சாரு. அதுக்குப் பேரு ஜெயிப்பா? சாம்பியன்னா சின்ன ஆளை ஊதித் தள்ளணும். தள்ள முடியலன்னா அவனும் சின்ன ஆளுதான்."

தணிகையைப் பார்த்ததும் இருவரும் சட்டென்று நிறுத்தினார்கள். பேசியதைவிட அப்படி நிறுத்தியதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

பன்னிரண்டு நாளைக்கு முன்பு அவன் மோத வேண்டிய ஆளுக்குத் தோள் பிசகிவிட்டது. கடைசி நேரத்தில் கொருக்குப்பேட்டையில் வாட்டர் கேன் போடும் மணவாளனை ரிங்கில் ஏற்றினார்கள். ஒரு ரவுண்டுகூடத் தாங்க மாட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். தணிகையும் சொன்னான். மணவாளன் ஆறு ரவுண்டும் நின்றான். நாலாவதில் அவன் விட்ட ஒரு குத்தில் தணிகையின் முழங்கால் தரையைத் தொட்டது. நடுவர் கடைசியில் தணிகையின் கையைத்தான் தூக்கினார். கூட்டம் கைதட்டுவதற்குப் பதில் சிரித்தது.

மறுநாள் டீக்கடையில் ஒருவன், "இன்னா சாம்பியன், வீட்டுக்கு ஒரு கேன் தண்ணி போடச் சொல்லவா?" என்றான். அதோடு தணிகை வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டான்.

மாஸ்டர் ரிங்கின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணா."

"சின்ன ஆள்கிட்ட தடுமாறினவன் சாம்பியனா?"

மாஸ்டர் துணியைப் பிழிந்தார். "பையில இன்னா?"

"பெல்ட். பாக்ஸிங் சங்கத்துல குடுத்துடுங்க. எனக்கு வேணாம்."

யாராவது தடுப்பார்கள் என்று அவன் கொஞ்சம் எதிர்பார்த்தான். மாஸ்டர் தடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார்.

"திருப்பிக் குடுக்கறதுக்கு ஒரு முறை இருக்குதுண்ணா. கடைசியா மோதினவர் கையெழுத்து வேணும். மணவாளன்கிட்ட வாங்கிட்டு வந்துடுங்க. மேல எழுத வேண்டியத நான் எழுதிக்கறேன்."

இஸ்மாயில் பாக்கியநாதனைப் பார்த்தார். இருபது வருடமாகச் சங்கத்தில் இருக்கும் அவர்கள் இப்படி ஒரு முறையைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மாஸ்டர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.

தணிகை பையை மேசையில் வைத்தான். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். தன்னிடம் தோற்றவனின் வாசலிலேயே போய் நிற்க வேண்டியிருக்கிறதே என்று வழியெல்லாம் மனசு குமைந்தது.

கொருக்குப்பேட்டையில் தெருவைத் தேட வேண்டியிருக்கவில்லை. தெருமுனையில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் தணிகையே நின்றுகொண்டிருந்தான், இடுப்பில் பெல்ட்டோடு, ஓர் ஆள் உயரத்துக்கு. பக்கத்தில் அவனைவிடச் சற்றுச் சின்னதாக மணவாளன். கீழே இப்படி எழுதியிருந்தது:

"சாம்பியன் தணிகைவேலுடன் ஆறு ரவுண்டு நின்ற எங்கள் அண்ணன் மணவாளன்! வாழ்த்தும் தெரு நண்பர்கள்."

அதற்கும் கீழே பதினோரு நண்பர்களின் படங்கள். இரண்டு பேர் கூலிங்கிளாஸ் போட்டிருந்தார்கள்.

தோற்றவனுக்கு ஃப்ளெக்ஸ் வைத்த தெருவைத் தணிகை அதுவரை பார்த்ததில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு தரம் படித்தான். கிண்டலாக இருக்குமோ என்று மூன்றாவது தரமும் படித்தான்.

"அண்ணே!"

மணவாளன் தோளில் கேனோடு ஓடி வந்தான். அவன் கண்ணைச் சுற்றி வீக்கம் வடிந்து மஞ்சளாகியிருந்தது.

"சாம்பியன் வந்துகீறாரு! நம்ம தெருவுக்கு சாம்பியன் வந்துகீறாரு!"

கதவுகள் திறந்தன. பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அதன் மேல் ஒரு துண்டு விரித்தார்கள். வீட்டுக்குள்ளிருந்த டேபிள் ஃபேனை இழுத்து அவன் பக்கம் திருப்பினார்கள். யாரோ கலர் சோடா வாங்க ஓடினார்கள்.

"நாலாவது ரவுண்டுல முட்டி போட்டீங்க இல்ல, நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேண்ணே" என்றான் மணவாளன். "அப்புறம் எழுந்து வந்தீங்க பாரு. எனக்கு உசுரே இல்ல. எப்படா மணி அடிப்பான்னு அந்த மணியையே பாத்துக்கினு இருந்தேன். சாம்பியன்னா சும்மாவான்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

"நீயும் நல்லாத்தான் அடிச்ச" என்றான் தணிகை.

அதைக் கேட்டு மணவாளன் தெருவைத் திரும்பிப் பார்த்தான். எல்லோருக்கும் காதில் விழுந்ததா என்று பார்த்தான். விழுந்திருந்தது.

தணிகை சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தான். "ஒரு வேலையா வந்தேன் மணவாளா" என்று தொடங்கினான்.

அதற்குள் மணவாளனின் மகள் பேனாவோடு வந்து நின்றாள். நாலாம் வகுப்புப் படிப்பவள்.

"அங்கிள், அப்பா உங்க கூட ஆறு ரவுண்டு நின்னாருன்னு கிளாஸ்ல சொன்னேன். யாருமே நம்பல. பொய் சொல்றேன்னு சொல்றாங்க. எழுதிக் குடுங்க."

தணிகை சுற்றிலும் பார்த்தான். கையில் அந்த ஒரு தாள்தான் இருந்தது. அதைத் தொடைமேல் வைத்து எழுதினான்: 'மணவாளன் என்னோடு ஆறு ரவுண்டு நின்றார். தணிகைவேல்.'

அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினாள்.

"சாம்பியன்னு போடல."

தணிகை பேனாவைப் பிடித்தபடி இருந்தான். தெரு முழுக்க அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மணவாளனும் பார்த்துக்கொண்டிருந்தான், மணி அடிக்கக் காத்திருப்பவனைப் போல.

தன் பெயருக்கு முன்னால் தணிகை அந்தச் சொல்லை எழுதினான்.

திரும்பும்போது தண்டையார்பேட்டை சிக்னலில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து ஆட்டோக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பன்னிரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எங்கே இறங்கிப்போனது என்றே தெரியவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது. பசிகூட எடுத்தது.

ஜிம்மில் மாஸ்டர் ரிங்குக்குள் நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து ஆச்சாண்ணா?"

"ஆச்சு மாஸ்டர்."

"எங்க பேப்பர்?"

"அவன் பொண்ணு வெச்சிக்கினா." தணிகை தலையைச் சொறிந்தான். "கையெழுத்தும் அவனுது இல்ல. என்னுது."

இஸ்மாயில் வாயைப் பொத்திக்கொண்டார். மாஸ்டர் சிரிக்கவில்லை. ஒரு முடிச்சை இறுக்கினார்.

"வேற பேப்பர் தரட்டுமா?"

தணிகை திரும்பி நின்றான். வாசலுக்கு மேலே இருந்த படத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வருடமாகப் பார்க்கிற படம்தான். சாலமன் படம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெல்ட்டோடு சாலமன் நின்றார். அவர் பக்கத்தில் இன்னொருவரும் நின்றார். ஒல்லியாக, ஒரு புருவத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு, மார்பை நிமிர்த்தி.

"மாஸ்டர், சாலமன் பக்கத்துல நிக்கறது யாரு?"

"கரிமூட்டைக்காரரு" என்றார் மாஸ்டர். "பேரு சவரிமுத்து. எங்க தாத்தா."

பாக்கியநாதன் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து மெல்ல எழுந்தார்.

"அன்னிக்கு ஊரே சாலமனைப் பாத்து சிரிச்சிதாம்" என்றார் மாஸ்டர். "அவரு மறுநாள் தாத்தாவை ஸ்டூடியோவுக்கு இட்டுக்கினு போயி இந்தப் படத்தை எடுத்தாரு. தாத்தாதான் எங்கப்பாவுக்கு கிளவுஸ் மாட்டிவிட்டாரு. அப்பா எனக்கு மாட்டிவிட்டாரு. வெக்கப்பட்டுக்கினு சாலமன் அந்தப் பட்டத்தைக் கழட்டிப் போட்டிருந்தா, எங்க தாத்தா யாரோட பத்து ரவுண்டு நின்னாருன்னு நாங்க சொல்லிக்கறது?"

தணிகை மேசையிலிருந்த பையைப் பார்த்தான்.

மாஸ்டர் கயிற்றைக் காலால் அழுத்தி வழிவிட்டார்.

"உள்ள வா. நாலாவது ரவுண்டுல இடது கையை இறக்கிட்ட. அத்தப் பாக்கலாம்."