சும்மா நின்ன மந்திரி

கடலும் ஆறும் கலக்கிற எடத்துல ஒரு ஊரு இருந்துச்சாம். ஊருக்கும் கடலுக்கும் நடுவுல பெரிய அலையாத்திக் காடு. அந்தச் சேத்துல கையை விட்டு நண்டு பிடிச்சுப் பொழைக்கிறவ செம்பாயி. வாய் கொஞ்சம் நீளம், என்னை மாதிரின்னு வச்சுக்கங்களேன்.

ஒருநாள் ராஜாவும் மந்திரியும் படகுல அந்தப் பக்கம் வந்தாங்களாம். மந்திரி மூக்கைச் சுளிச்சுக்கிட்டு, "மகாராஜா, இந்த மரமெல்லாம் சேத்துல சும்மா நிக்குது. வெட்டிப்புட்டு, சேத்தையும் வாரிக் கொட்டிட்டு, ஒரு மாளிகை கட்டலாம்"னாராம். ராஜாவும் சரின்னுட்டாராம். ராஜான்னா யோசிக்கணுமா என்ன!

பக்கத்துல நண்டு தேடிக்கிட்டிருந்த செம்பாயி காதுல இது விழுந்துச்சு. காடு போனா நண்டு போச்சு, அலையும் நேரா குடிசைக்குள்ள வந்துரும். ஆனா அவ அழல, படகுக்கு முன்னால போயி நின்னா.

"மகாராசா, மரம் சும்மாதான் நிக்குதுன்னா, மந்திரி அய்யாவும் அதே சேத்துல, கடல் ஏறி முடியிற வரைக்கும் சும்மா நிக்கட்டும். நின்னுட்டா வெட்டிக்கங்க."

"இது ஒரு பெரிய காரியமா?"ன்னு மந்திரி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கிட்டாராம்.

தண்ணி முழங்காலுக்கு வந்துச்சு. "நிக்கிறீங்களா அய்யா?" "நிக்கிறேன்டி!"

தண்ணி இடுப்புக்கு வந்துச்சு, அலை ஒரு தள்ளு தள்ளுச்சு. "நிக்கிறீங்களா அய்யா?" "நி... நிக்கிறேன்!"

தண்ணி நெஞ்சுக்கு வந்துச்சு. "நிக்கிறீங்களா அய்யா?" "ஐயோ, சும்மா நிக்க முடியலையே! தூக்குங்கடா!"

நாலு பேரு சேந்து இழுத்தாங்க. கால் வந்த குழியிலேர்ந்து குபுகுபுன்னு குமிழி, கப்புன்னு ஒரு நாத்தம்! ராஜாவே மூக்கைப் பொத்திக்கிட்டாராம். சிரிக்காதீங்க, கேளுங்க.

செம்பாயி சொன்னா, "மகாராசா, நம்ம அடுப்புப் புகை, சூளைப் புகை எல்லாத்தையும் இந்த மரம் மூச்சா இழுத்து, இலையா வேரா ஆக்கி, பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து சேத்துக்குள்ள அமுக்கி வச்சிருக்கு. ரெண்டு காலை எடுத்ததுக்கே இப்படின்னா, காட்டையே பேத்தா ஊரு தாங்குமா?"

ராஜா மந்திரியை முறைச்சாராம். "ஒரு பொழுது நிக்க முடியாத நீ, காலங்காலமா அலையைத் தடுத்துக்கிட்டு நிக்கிறதைப் போயி சும்மான்னு சொன்னியா? போ, இந்தக் கரை முழுக்க அலையாத்தி விதை ஊனு"ன்னுட்டாராம்.

மந்திரி இன்னமும் சேத்துல குனிஞ்சு ஊனிக்கிட்டேதான் இருக்காரு. "என்னய்யா, சும்மா இருக்கீங்களா?"ன்னு யாராவது கேட்டா, சேத்தை அள்ளி அடிக்க வர்றாராம்.

காடும் நின்னுச்சு, ஊரும் நின்னுச்சு, கதையும் நின்னுச்சு.