ராஜாவைக் காக்க வைத்த ஓடம்

ஆறும் வயலுமாய்ச் செழித்துக் கிடந்த செங்கழுநாட்டை ஒரு காலத்தில் மகுடேசர் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. வெளியூர்ச் சரக்கு என்றால் உயிர். தலைப்பாகை வெளியூர், செருப்பு வெளியூர். கடைசியில் சட்டமும் வெளியூரிலிருந்து வரட்டும் என்று, சபைப் பண்டிதர் வரகுணரை நாடு நாடாக அனுப்பி வைத்தார்.

வரகுணருக்கோ அமைச்சர் திருமேனி மேல் அடங்காத பொறாமை. உள்ளூர் வழக்கத்தை வைத்தே தீர்ப்புச் சொல்லி அவர் பேர் வாங்குகிறாரே என்று வயிறு எரிந்தது. மாதக் கணக்கில் சுற்றிவிட்டுத் திரும்பியவர், வீட்டைக்கூட எட்டிப் பார்க்காமல் புழுதிக் காலோடு நேரே அரசவைக்குள் நுழைந்தார். அவ்வளவு அவசரம்!

அன்றைக்கென்று பார்த்து ராஜா கொதித்துக் கொண்டிருந்தார். காரணம், ஓடக்காரன் சடையன். அந்த நாட்டில் கரைக்கு யார் முதலில் வருகிறாரோ அவருக்குத்தான் ஓடம். ஏறுகிறவரிடம் பேரும் கேட்கக் கூடாது, குலமும் கேட்கக் கூடாது. அதுதான் வழக்கம். காலையில் ராஜா வந்து சேர்ந்தபோது, பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை ஓடத்தில் ஏற்றியிருந்தார்கள். மருத்துவச்சி அக்கரையில். "சாமி, கொஞ்சம் பொறுங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் சடையன் துடுப்பைப் போட்டான். ராஜா வெயிலில் நின்றார். கூட வந்த வெளிநாட்டு வியாபாரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொறுக்குமா அவருக்கு?

"பண்டிதரே, நல்ல நேரத்தில் வந்தீர்! ராஜாவைக் காக்க வைத்தவனை மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?"

"பவளத்தீவில் தலையை எடுத்துவிடுவார்கள் பிரபு! நம் ஊரில்தான் வழக்கம், கிழக்கம் என்று..." வரகுணர் ஓரக்கண்ணால் அமைச்சரைப் பார்த்தார்.

"அப்படியானால் இன்று முதல் பவளத்தீவுச் சட்டம்! சாயங்காலம் இவன் தலை போகட்டும்."

கை கட்டப்பட்டு நின்ற சடையன் மெல்லச் சொன்னான்: "ஆகட்டும் சாமி. அந்தப் பொண்ணு பெத்துப் பிழைச்சுதான்னு மட்டும் யாராச்சும் விசாரிச்சுச் சொல்லுங்க."

திருமேனி முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு எழுந்தார். "அருமையான சட்டம் பிரபு. முழுசாகவே நடத்துவோம்." அவையில் இருந்த பவளத்தீவு முத்து வியாபாரியைப் பார்த்து, "ஐயா, உங்கள் ஊரில் ராஜா குடிமக்களைக் காக்க வைத்தால்?" என்று கேட்டார்.

"வாசலில் கடைசி ஆள் முறையிட்டு முடிக்கிற வரைக்கும் ராஜா வாயில் ஒரு பருக்கை போகக் கூடாதுங்க."

"பூ! இவ்வளவுதானா?" என்றார் ராஜா.

மத்தியானம் அவையிலேயே இலை போட்டாயிற்று. கத்தரிக்காய் வதக்கல், மிளகு ரசம், உருக்கின நெய். ராஜா சோற்றில் கை வைக்கப் போனார். திருமேனி பணிவாகக் குனிந்தார். "பிரபு, வாசலில் ஆள் நிற்கிறது." எட்டிப் பார்த்தால் வரிசை கோயில் தெருவைத் தாண்டி நீண்டிருந்தது! இலையை எடுத்துவிட்டார்கள். கன்றுக்குட்டி வழக்கு, வாய்க்கால் வழக்கு என்று கேட்கக் கேட்க, ராஜாவின் வயிறு அவைக்கே கேட்கும்படி இரைந்தது.

"அந்தத் தீவே வேண்டாமப்பா! பண்டிதரே, வேறு நாடு சொல்லும்!"

"குங்குமதேசத்தில் நாடு கடத்துவார்கள் பிரபு."

"சபாஷ்! அதுதான் சட்டம். போடு இலையை!"

அமைச்சர் குங்குமதேசத்துக் குதிரை வியாபாரியைப் பார்த்தார். அவன் சொன்னான்: "எங்க தேசத்துல வருஷா வருஷம் சனங்க குடத்துல ஓலை போடுவாங்க. யார் பேருக்கு ஓலை அதிகமோ, அவர்தான் ராஜா."

ராஜா எடுத்த கவளம் பாதியில் நின்றது. "அமைச்சரே, என் பேருக்கு ஓலை விழுமா?"

"இவ்வளவு நேரம் வெயிலில் நின்ற சனங்கள் வாசலில்தான் இருக்கிறார்கள். கேட்டுவிடலாமா?"

"ஐயையோ, வேண்டாம்!"

"பிரபு, நல்லது எந்த நாட்டில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நாட்டுச் சட்டம் அந்த ஊர்க் குழம்பு மாதிரி. பண்டிதர் மிளகாயை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். காரமெல்லாம் குடிமக்களுக்கு. ராஜாவுக்கு உள்ள பத்தியத்தை அங்கேயே விட்டுவிட்டார்."

வரகுணர் துள்ளி எழுந்தார். "யாரோ எவளோ ஒருத்திக்காக ராஜாவை நிற்க வைத்தவன் பிரபு இவன்! அவள் பிழைத்தால் என்ன, பிழைக்காவிட்டால் என்ன?"

அந்த நேரம் பார்த்து வாசலில் சலசலப்பு. தட்டில் வெற்றிலை பாக்கும் கற்கண்டுமாக ஒரு அம்மாள் வேகமாக வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேரே சடையன் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "தம்பி, கரையில தேடினேன், அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னாங்க. பொம்பளைப் பிள்ளை பிறந்திருக்கப்பா! கொஞ்சம் தாமதமா வந்திருந்தா ரெண்டு உயிரும் போயிருக்கும்னு மருத்துவச்சி சொன்னா. உன் குலம் நல்லா இருக்கணும்." பிறகுதான் அவன் கைக்கட்டு கண்ணில் பட்டது. "யாருங்க இவரைக் கட்டி வச்சது?"

கேட்டுக்கொண்டே சபைப் பக்கம் திரும்பினாள். "அடடே, நீங்க எப்ப வந்தீங்க? நம்ம செண்பகத்துக்குத்தாங்க பிள்ளை பிறந்திருக்கு!"

வந்தவள் அகிலாண்டம், வரகுணரின் மனைவி. இது அமைச்சருக்கே தெரியாது, சத்தியமாக.

பண்டிதர் ஓடி வந்தார். சடையனின் கைக்கட்டைத் தாமே அவிழ்த்தார். "என் மகள் உயிரைக் காப்பாற்றின உன் உயிரைக் கேட்டேனே, பாவி நான்! எப்படியப்பா இந்தக் கடனைத் தீர்ப்பேன்?"

"கடன் என்னங்க சாமி? பிள்ளை பிழைச்சுதே, அது போதும்" என்றான் சடையன். அவன் கண்ணும் நிறைந்திருந்தது.

ராஜா எழுந்து வந்து தம் முத்துமாலையைச் சடையன் கழுத்தில் போட்டார். அமைச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய பாவத்திலிருந்து காப்பாற்றினீர். மறக்க மாட்டேன்." பிறகு வரகுணரைப் பார்த்தார். "பண்டிதரே, இத்தனை நாடு பார்த்தீர், உம் வீட்டை மட்டும் பார்க்கவில்லை. போம், போய்ப் பேத்தியைப் பாரும்."

மறுநாள் ராஜா கரைக்கு வந்தார். சடையன் தயங்கினான். "சாமி, முன்னாடி ஒரு கீரைக்காரம்மா நிக்கறாங்க..."

"ஏற்றிக்கொண்டு போ" என்றார் ராஜா. செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தண்ணீரில் நனைத்தபடி கரையில் உட்கார்ந்து காத்திருந்தார்.