பிரேக் தட்டைத் தளர்த்துகிறவன்

“அம்மா, பூட்டின கடைக்குள்ள எவனோ வர்றான்” என்றார் செங்கோடன்.

ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டினவர். ஆறு மாதமாக ஜெனோவாவிடம் சைக்கிள் வேலை கற்கிறார். அவளுக்கு முப்பத்திரண்டு. மலைமேல் சைக்கிள் கடை அவளுடையது ஒன்றுதான்.

“வந்து என்னத்தை எடுத்துட்டுப் போனான்?”

“எடுக்கல. தளர்த்திட்டுப் போறான். துளசிமணி சைக்கிள்ல. பிரேக் தட்டைச் சக்கரத்தோட பிடிக்கிற ஆறு போல்ட்டையும் சாயங்காலம் இறுக்குறேன். விடிஞ்சு பார்த்தா ஆறும் லூசு. மூணு நாளா.”

“கழலாம இருக்க மரையில பசை போட்டீங்களா?”

“நீ குடுத்த நீலப் பசைதான்.”

ஜெனோவா சைக்கிளைத் திரும்பிப் பார்த்தாள்.

போன மாதம் துளசிமணியின் புருஷன் அந்தச் சைக்கிளில்தான் மலையிறங்கினான். பதினேழாவது வளைவில் பிரேக்கைப் பிடித்தான். தட்டு நின்றது. சக்கரம் நிற்கவில்லை.

வளைவு காவு கேட்டது என்றது ஊர்.

அதே சைக்கிளில் நாளைக் காலை துளசிமணி இறங்க வேண்டும். அடிவாரத்து மில்லில் வேலை கிடைத்திருக்கிறது.

“செத்தவன்தாம்மா வர்றான். பொண்டாட்டியைக் கூப்பிட வர்றான். ஒரு எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டா...”

“ஒத்தப் பழத்துக்குப் படியிற பேயா? ரெண்டு கேட்காதா? நகருங்கய்யா!”

அவளே உட்கார்ந்தாள். ஆறு போல்ட்டையும் கழற்றித் துடைத்தாள். பசை வைத்தாள். ஒன்றை இறுக்கி, எதிரில் இருப்பதை இறுக்கி, மாற்றி மாற்றி முடித்தாள்.

பிறகு வீட்டிலிருந்து அரிசி மாவு கொண்டு வந்தாள். சைக்கிளைச் சுற்றி, வாசல்படி வரை, தரை தெரியாமல் தூவினாள்.

பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள்.

விடிந்தது. பனி மூட்டம். எதிரில் நிற்பவர் முகம்கூடத் தெரியாத அளவுக்கு.

செங்கோடன் பக்கத்தில் நிற்க, ஜெனோவா கதவைத் திறந்தாள்.

மாவு தூவினபடியே கிடந்தது. ஒரு எறும்பு ஊர்ந்த கோடுகூட இல்லை.

செங்கோடன் விறுவிறுவென்று உள்ளே போனார். குந்தி உட்கார்ந்து எல் கீயை முதல் போல்ட்டில் வைத்தார்.

க்ரிக்.

இரண்டாவது. க்ரிக்.

ஆறும் இளகின.

“பார்த்தியாம்மா! பூட்டு போட்டபடி இருக்கு! மாவு கலையல! ஆனா கழன்றிருக்கு!” செங்கோடன் நிமிர்ந்தார்.

“கீழே பாருங்க.”

பார்த்தார். வாசலிலிருந்து சைக்கிள் வரை ஒரு ஆளின் கால்தடம். உள்ளே வந்தது மட்டும்.

“இது நானு. இப்பத்தானே வந்தேன். சும்மா பார்க்கத்தானேம்மா வந்தேன். பஸ் எடுக்கிறதுக்கு முன்னாடி தினம் வீல் நட்டை இப்படித்தான் பார்ப்பேன். ஒரு நாள் தவறினதில்ல.”

“எந்தப் பக்கம் திருகிப் பார்ப்பீங்க?”

“இடப்பக்கம். கழலுதான்னு தெரியணுமில்ல?”

“நேத்து சாயங்காலம் போட்ட பசை. இன்னிக்குச் சாயங்காலம்தான் பிடிக்கும். அதுக்கு முன்னாடி திருகினா கழலத்தான் செய்யும்.”

பனி வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தது.

“போன மாசம் துளசிமணி புருஷனுக்கு இதே தட்டை மாட்டினது யாரு?”

“நான்தான்.”

“எத்தனை நாள் காலையில இப்படித் திருகிப் பார்த்தீங்க?”

செங்கோடன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

“அண்ணே, வண்டி ஆயிடுச்சா?” வாசலில் துளசிமணி. தலையில் முக்காடு, கையில் சோற்றுத் தூக்கு.

“இன்னிக்கு பஸ்ஸுல போ” என்றாள் ஜெனோவா.

செங்கோடன் எல் கீயைக் கீழே போட்டார்.

கை நிற்கவில்லை. வெறும் காற்றில், இடப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே இருந்தது.