கண்ணாடிப் பெட்டிக்குள்ள கை விடாத அப்பன்

ஒரு ஊர்ல ஒரு கோழிக்குஞ்சுக்காரன் இருந்தானாம். நாமக்கல் பக்கம். பேரு செங்கோடன். முட்டையப் பொரிக்க வைக்கிற ஹேச்சரில வேலை. அங்க பெரிய்ய பெட்டி இருக்கும், உள்ள கதகதன்னு சூடு, தட்டுத் தட்டா முட்டை. திடீர்னு ஒரு நாள் டொக்... டொக்... கீச் கீச் கீச்! பெட்டி முழுக்க மஞ்சப் பஞ்சு! ம் சொல்லு சாமி. ஆங்.

ஆனா குஞ்சு பொரிக்கிற நேரத்துல பெட்டிக் கதவத் தொறக்கவே கூடாது. சூடு போச்சுன்னா குஞ்சு ஓட்டுக்குள்ளயே செத்துரும். யாராச்சும் தொறந்தா செங்கோடன் கத்துற கத்துல கூரை பறக்கும்!

அப்புறம், அவன் பொண்டாட்டி கோகிலாவுக்குப் பாப்பா பொறந்துச்சு. பொறக்க வேண்டிய நாளுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடியே! ஒரு சொரக்காகூட அதவிடக் கனமா இருக்கும். ஆஸ்பத்திரில அத ஒரு கண்ணாடிப் பெட்டில வச்சாங்க. ஏன்னா பாப்பாவுக்கு மூணு விஷயம் தெரியாது. ஒடம்பச் சூடா வச்சுக்கத் தெரியாது, பெட்டியே சூடு குடுத்துச்சு. பால் சப்பத் தெரியாது, மெல்லிசுக் குழாய்ல அம்மா பால் போச்சு, சொட்டு... சொட்டு... மூணாவது என்ன தெரியுமா? அப்பப்போ மூச்சு விட மறந்துரும்!

ம்? ஆமா, நெசமாத்தான்!

பெட்டில கை விட வட்டமா சின்னச் சன்னல் உண்டு. நர்ஸ் மும்தாஜ் அதத் தொறந்தா போதும், செங்கோடன் பதறுவான்.

"மூடுங்க சிஸ்டர், சூடு போயிரும்!"

"அண்ணா, இது முட்டை இல்லீங்க, உங்க பொண்ணு. கை கழுவிட்டு வந்து தொடுங்க."

கை கழுவுவான். ஆனா தொடமாட்டான். அக்குள்ல கைய இடுக்கிட்டு நிப்பான்.

அப்போ ஒரு நாள், பெட்டிப் பக்கத்து மெசின் டிங் டிங் டிங்! பாப்பா மூச்சு விட மறந்துருச்சு. ஒதடு நீலம். மும்தாஜோட ரெண்டு கையும் பக்கத்துப் பெட்டில, இன்னொரு பாப்பாகிட்ட.

"அண்ணா! சன்னலத் தொறந்து பாதத்தத் தேய்ங்க!"

"சூடு போயிருமேங்க!"

"மூச்சே போகுதுங்கண்ணா!"

டப்! தொறந்துட்டான். அவன் வெரல்ல பாதி இல்ல அந்தப் பாதம். தேச்சான். ஒண்ணுமில்ல. மறுபடி தேச்சான். ஒண்ணுமில்ல. "சாமி, வாடா தங்கம்"னு மூணாந்தரம் தேச்சான்...

ஹ்ஹ்ஹம்! நெஞ்சு தூக்குச்சு! ஒதடு செவந்துச்சு! அப்பன் வெரல ஒரு ஒதை வேற! செங்கோடன் சிரிச்சானா அழுதானான்னு அவனுக்கே தெரியல.

அப்புறம் பாப்பா கொஞ்சம் தேறுச்சு. மும்தாஜ் வந்தா. "சட்டையக் கழட்டுங்கண்ணா."

"இத்தன பொம்பளைங்க முன்னாடியா?"

"உங்கள யாரு பாக்குறா? பாப்பாவ நெஞ்சுல போடணும். அப்பன் ஒடம்புச் சூடு அவளுக்கு நல்லது."

போட்டாங்க. வெறும் நெஞ்சுமேல வெறும் பாப்பா. மேல ஒரு துணி. செங்கோடன் அய்யனார் செலையாட்டம் ஒக்காந்துட்டான். மூக்குல ஈ ஒக்காந்துச்சு, அசையல!

சக்கர நாற்காலில இருந்த கோகிலா உத்துப் பாத்தா.

"ஏனுங்க, நீங்க மூச்சு விடவே காணோம்?"

"உஸ்ஸ்... அவ முழிச்சுக்குவா."

"விடுங்க. உங்க நெஞ்சு ஏறி எறங்குனாத்தான அவ கத்துக்குவா."

மெதுவா இழுத்தான்... ஸ்ஸ்ஸ். விட்டான்... ஹ்ஹ்ஹ. நெஞ்சு மேல போச்சு, பாப்பாவும் மேல போனா. கீழ வந்துச்சு, பாப்பாவும் கீழ வந்தா. அப்போ அந்தக் குட்டி முதுகு தானாவே, ஸ்ஸ்... ஹ்ஹ... ஸ்ஸ்... ஹ்ஹ...

பாப்பா தூங்கிட்டா, கதையும் கண்ண மூடிருச்சு. நீயும் மூடு சாமி.